ஈயம் கட்டிய மாலை

“என்ன, சத்தத்தைக் காணேல்லை?”

பின்னிருக்கையில் இருந்து என் மனைவி புவனம் கேட்டாள். சல்லிக் கரைக்கு நேரே, கடலுக்கு மேலே, வள்ளங்கள் எல்லாம் சிந்திக் கிடக்கும் அரிசிபோலத் தெரிகிற உயரத்தில் இருந்தோம். எஞ்சினை ஒரு மூச்சுக்கு முன்னர்தான் என் கையாலேயே நிறுத்தியிருந்தேன்.

“நிப்பாட்டிட்டன்” என்றேன்.

“ஏன், வந்திட்டமோ?”

கொழும்பு பஸ்ஸில் நித்திரையாகிப்போன சனம், கந்தளாயில் பஸ் நின்றதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்குமே, அந்தக் குரல். கீழே தண்ணீர். பக்கத்தில் தண்ணீர். கரை இருந்தது. ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

போன கிழமை மஸ்கட் கதையை எழுதி, அடுத்ததும் அதுதான் என்று நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் இந்தக் குரல்தான் வருகிறது. அது வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். எழுத்துப் பிழைகளை வழமைபோல ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

காற்று சுற்றுகிற காத்தாடி

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு சொல். நான் அன்புவழிபுரத்து ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். வள்ள எஞ்சின் திருத்தப் பழகினேன். மஸ்கட்டுக்குப் போய் அங்கேயும் அதைத்தான் செய்தேன். அங்கே ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய ஜைரோவின் எஞ்சின் இருமுகிறது என்று கொண்டுவந்தார். காதை வைத்துக் கேட்டேன், திருத்திக் கொடுத்தேன். கூலிக்குப் பதிலாக இதை ஓட்டப் பழக்கிவிடுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு பழக்கினார். சோதனைக்கான புத்தகத்தை அவர் சத்தமாக வாசிப்பார், நான் பாடமாக்குவேன். ஒரே தரத்தில் சித்தியடைந்தேன். திருகோணமலைக் கரையில் ஜைரோ ஓட்டிய முதல் தமிழன் நான்தான் என்று சொல்லுவேன். இல்லை என்பவர் வந்து சொல்லட்டும்.

ஜைரோ என்றால் விமானமும் இல்லை, ஹெலிகொப்டரும் இல்லை. மோட்டார் சைக்கிள்போல ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய் இரண்டு இருக்கை. கூரை கிடையாது. பின்னிருக்கைக்கும் பின்னால் எஞ்சினும் ஒரு விசிறியும். அந்த விசிறிதான் எங்களை முன்னுக்குத் தள்ளும். தலைக்கு மேலே நீளமான காத்தாடி. பறக்கும்போது அதை எஞ்சின் சுற்றுவதில்லை. நாங்கள் போகப்போகக் காற்றுத்தான் அதைச் சுற்றும்.

எஞ்சின் செத்தாலும் ஜைரோ கல்லுப்போல விழாததற்குக் காரணம் அதுதான். கீழே இறங்குகிற இறக்கத்திலேயே காற்று அடியில் இருந்து ஏறிக் காத்தாடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். சிறகு வைத்த விதை சுழன்று சுழன்று இறங்குவதுபோல.

எல்லோருக்கும் மேலே வருகிற ஆபத்துக்குத்தான் பயம். எனக்குத் தரையில் வருகிறதற்குத்தான் பயம். மேலே நானும் காற்றும் மட்டும். தரையில் மற்ற மனிசரும் இருக்கிறார்கள்.

வெளியூரில் இருந்து தன் ஜைரோவோடு வந்த ஒருவர், காத்தாடி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வேகமாக உருட்டினார். காத்தாடியின் தகடு மேலும் கீழும் அடித்துப் போய்த் தன் வாலையே வெட்டிவிட்டது. அவருக்குக் காயம் இல்லை, முகம்தான் கறுத்துப்போயிற்று. என் கூட்டாளி கிண்ணியாக் காசிம், “பயப்பிடாதீங்க சேர், பல்லிக்கு முளைக்கிற மாதிரி இதுக்கும் முளைக்கும்” என்று தேற்றினான். அந்த மனிதர் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

காசிமைப்பற்றி முன்னரும் எழுதியிருக்கிறேன். நிலாவெளி உப்பு வயல்களுக்கு அப்பால் இருந்த அவனுடைய கட்டாந்தரைதான் எங்கள் ஓடுபாதை. ஓலைக் கொட்டில்தான் ஜைரோவின் வீடு. மாடு கலைப்பது, காற்றுப் பார்ப்பது, வருகிற உல்லாசப் பயணிகளுக்குத் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் காசிம். பறக்கிறது நான். நல்ல வியாபாரம்.

அலை திருப்பாத இடம்

புவனம் சல்லி ஊர்ப் பெட்டை. முத்துமாரி அம்மன் கோயிலடிக் கடற்கரையில் வளர்ந்தவள். தாய் தகப்பன் கண்ணை மூடியபின் அவளுக்கு இருந்தது தவம் அண்ணன் ஒருவர்தான். அவர் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனார். வரவில்லை. வள்ளமும் வரவில்லை. அந்தக் காலத்தில் ஏன் என்று கேட்கிற இடமும் இல்லை, கேட்டால் சொல்லுகிற ஆளும் இல்லை. கரையில் காயப்போட்டிருந்த அவருடைய பழைய வலை ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் கலியாணத்துக்கு முந்திய கதை இது. நான் அவரைக் கண்டதில்லை. ஆனால் வீட்டில் அவர் எப்போதும் இருந்தார். நல்ல சூரை மீன் வாங்கிக்கொண்டு போனால், அண்ணனுக்கு இதன் தலை விருப்பம் என்பாள். எது கொடுத்தாலும் பாதியைத் தங்கச்சிக்குத் திருப்பித் தந்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்பாள். அதைச் சொல்லும்போது அவளுடைய முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிடும்.

வருடத்தில் ஒருநாள், அவர் போன நாளில், சல்லிக் கரைக்குப் போய்ப் பூப் போடுவாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று போடுவாள். அலை அதைத் திருப்பிக்கொண்டுவந்து மணலில் விட்டுவிடும். மறுபடியும் போடுவாள். மறுபடியும் வரும். நான் கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு கார் வந்தது, காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூ மட்டும் மாறாமல் திரும்பி வந்தது. வீடு வரும்வரை அவள் கதைக்கமாட்டாள்.

ஜைரோவில் ஏற அவளை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். “என்னால ஏலாது. ரெண்டு பேரும் விழுந்தா பூனைக்கு ஆர் சோறு வைக்கிறது?” என்று முடித்துவிடுவாள்.

அந்த வருடம் அவளே கேட்டாள். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள், முகத்தை நிமிர்த்தவில்லை.

“இஞ்சேருங்கோ, அலை திருப்பாத இடம் மட்டுக்கும் உங்கட ஜைரோ போகுமோ?”

“பர்மா மட்டுக்கும் போகும்” என்றேன்.

“பர்மா வேண்டாம். அலை திருப்பாத இடம் போதும்.”

அவள் என்னிடம் கேட்டு வாங்கியவை மிகக் குறைவு. சங்கிலி கேட்டதில்லை, ஊர் பார்க்கக் கேட்டதில்லை. இந்தப் பூவைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் நான் என்ன பெரிய ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

ஒன்றும் பறக்கக் கூடாது

ஜைரோவில் விசிறி பின்னால் என்று சொன்னேன் அல்லவா. பின்னிருக்கையில் இருந்து எது கழன்றாலும் நேரே அதற்குள்தான் போகும். தொப்பி, கைலேஞ்சி, கைபேசி, எதுவானாலும். ஒரு வெள்ளைக்காரப் பெண் கழுத்துச் சால்வையோடு ஏறப்பார்த்தபோது, காசிம் அதைக் கழற்றித் தன் தலையில் கட்டிக்கொண்டு அவள் திரும்பி வரும்வரை நின்றான்.

அதனால் புவனத்துக்குச் சேலை கிடையாது என்றேன். மகளின் பழைய களிசானைப் போட்டுக்கொண்டு அறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்றாள். நான் மறுபக்கம் திரும்பி நின்றபிறகுதான் வந்தாள். கொண்டையை இறுக்கி, ஊசிகளை எடுத்து, தாலியைச் சட்டைக்குள் விட்டு, மேலே கழுத்துவரை பொத்தான் வைத்த என் காற்றுச் சட்டையைப் போடச் சொன்னேன். வளையல்களைக் காசிம் வாங்கி வைத்துக்கொண்டான்.

பூவுக்கும் வழி கண்டுபிடித்தேன். இது என் சொந்த மூளை. ஜைரோவின் வயிற்றுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அடியில் மூடி வைத்த தகரப் பெட்டி ஒன்று பொருத்தினேன். முன்னால் இருந்து நான் கயிற்றை இழுத்தால் மூடி திறந்து பூ கீழே கொட்டும். உதிரிப் பூ விசிறியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

“உதிரிதான். நூல் கூடாது, நார் கூடாது, மாலையாக் கட்டக் கூடாது. விளங்குதோ?” என்றேன்.

“ஓம்” என்றாள்.

என் மனைவி வாதாடுகிறவள் இல்லை. ஓம் என்றுவிட்டுத் தன் பாட்டைப் பார்க்கிறவள். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்குக் கூடை நிறைய உதிரி மல்லிகையும் செவ்வரத்தையும் கொண்டுவந்து தன் கையாலேயே பெட்டியில் போட்டாள். பார்க்க அழகாக இருந்தது.

கச்சான் காலம், மேல்காற்று வீசுகிற காலம். காலைக் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. “காத்து மெதுவாத்தான் இரிக்கி மச்சான், ஆனாக் கூடும். கெதியா வந்திருங்க” என்றான் காசிம்.

மேலே போனதும் புவனம் கதைக்கத் தொடங்கினாள். இரண்டு ஹெல்மெட்டையும் ஒரு வயர் இணைக்கும், அதற்குள் காதோடு காதாக அவளுடைய குரல். கோயில் கோபுரம் சுண்டுவிரல் அளவுதான் என்றாள். எங்கள் வீட்டுக் கிணறு தெரிகிறது, மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்றாள். கடலுக்கு மேலே வந்தபோது நிறம் மாறுகிற இடத்தைக் காட்டி, அங்கேயிருந்துதான் அண்ணன் கணவாய் கொண்டுவருவார் என்றாள். வீட்டில் ஒரு மாதத்தில் கதைக்கிறதை அந்தக் கொஞ்ச நேரத்தில் கதைத்துவிட்டாள். நான் வேண்டுமென்றே சுற்றுப்பாதையில் போனேன். எரிபொருள் போனால் போகட்டும், குரல் வரட்டும் என்றுதான்.

எனக்கு ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு உயரத்தில் இருக்கிறேனோ அந்த உயரம் என்னைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். அதைத் தாண்டி ஒரு முழமும் போகமாட்டேன். அதனால் நன்றாக உயர ஏறிவிட்டுத்தான் அலை வெள்ளை வரியாகத் தெரிகிற இடத்துக்கு அப்பால் போனேன்.

“இது போதுமோ?”

“போதும்.”

கயிற்றை இழுத்தேன். பூ கொட்டியது. அதே நேரம் பின்னால் அவள் அசைவது தெரிந்தது.

வந்திட்டமோ?

ஒரு வெடி. உடனே முழு ஜைரோவும் காய்ச்சல்காரன்போல உதறத் தொடங்கியது. முன்னால் இருந்த மீற்றர் முட்கள் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

விசிறியில் ஒரு நுனி போனால் இப்படித்தான் இருக்கும். அதை ஓடவிட்டால் எஞ்சினே இருந்த இடத்தில் இருந்து பிய்ந்துவிடும். கரைக்குப் போகும்வரையாவது ஓடட்டும் என்று மனம் கெஞ்சும். கெஞ்சலைக் கேட்கக் கூடாது. நிறுத்தினேன். எரிபொருள் குழாயைப் பூட்டினேன். மூக்கைக் கீழே விட்டேன். இதெல்லாம் யோசித்துச் செய்கிறது இல்லை, கை செய்யும்.

உதறல் நின்றது. மேலே காத்தாடி காற்றை அறுக்கிற ஓசை மட்டும், யாரோ சேலையை உதறுவதுபோல. அப்போதுதான் அவள் சத்தத்தைக் காணவில்லை என்றது.

“இன்னும் வரேல்லை. வந்துகொண்டிருக்கிறம்” என்றேன்.

“பிழை ஏதும் நடந்திட்டுதோ?”

“நான் இருக்கிறன்தானே. கையை மடியில வைச்சுக்கொண்டிரு.”

“வைச்சிருக்கிறன்.”

காற்று எங்களுக்கு எதிராக வந்தது. காசிம் சொன்னது சரிதான், கூடியிருந்தது. கரை வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. இந்த இடத்தில்தான் பழகாதவர்கள் சாகிறார்கள். மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் தூரம் கூடும்போல இருக்கும். தூக்கினால் வேகம் போகும், ஜைரோ நின்ற இடத்திலேயே இறங்கும். நான் மாறாக இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கினேன். கடலைப் பார்த்துக்கொண்டு கடலை நோக்கியே போகவேண்டும். அதுதான் கரைக்கு வழி. அதைச் செய்ய நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்தது.

தண்ணீர் பெரிதாகி வந்தது. பச்சை, பிறகு வெளிர் பச்சை, பிறகு அடியில் மணல் தெரிகிற நிறம். பின்னால் அவள் முத்துமாரியைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூப்பிட்டது என்னை.

“இஞ்சேருங்கோ.”

“என்ன?”

“ஒண்டுமில்லை. சும்மா.”

கடைசி அலை சக்கரத்துக்குக் கீழே நுரைத்துக்கொண்டு போனது. ஈர மணல் வந்ததும் கைப்பிடியை என் பக்கம் இழுத்தேன். காத்தாடி முழுக் காற்றையும் அள்ளிப் பிடித்தது. ஜைரோ நின்றுவிட்டது. எதிர்க்காற்றில் அப்படித்தான், கோழி கூரையில் இருந்து இறங்குவதுபோலக் காலை வைக்கலாம். சின்ன உருளல். வரிசையாகப் பரப்பியிருந்த கருவாட்டின்மேல் முன்சக்கரம் ஏறி நின்றது.

இன்றைக்கும் சொல்லுகிறேன், அந்தக் கரையில் அந்தக் காற்றில் அப்படி இறக்க இன்னொருவன் பிறந்து வரவேண்டும்.

கயிறு

ஆனால் இன்னும் முடியவில்லை. சொன்னேன் அல்லவா, தரையில்தான் ஆபத்து.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த சனம் எங்களைக் கண்டுவிட்டது. வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஆண், பெண், சின்னது, பெரியது எல்லாம். எங்களைக் காப்பாற்ற ஓடிவந்தார்கள், பாவங்கள். மேலே காத்தாடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வேகம் குறையக் குறைய அது பதிந்து வரும். காற்று அடித்தால் இன்னும் பதியும். ஓடிவருகிறவனின் தலை உயரத்துக்கு வரும். தகட்டின் நுனி கண்ணுக்குத் தெரியாது. முன்னால் வந்தவன் கையில் துடுப்பு வேறு உயர்த்திப் பிடித்திருந்தான்.

ஒரு கையால் கைப்பிடியை முன்னுக்கு அமுக்கி, மறு கையால் காத்தாடியின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கிட்ட வராதேங்கோ, நில்லுங்கோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது ஹெல்மெட்டுக்குள் என் காதிலும் அவள் காதிலும்தான் கேட்டது. என் வாய் அசைவதைக் கண்டு, நான் உதவி கேட்கிறேன் என்று இன்னும் கெதியாக ஓடிவந்தார்கள்.

பின்னால் புவனம் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“கயிறு! கயிறு அறுந்திட்டுது!”

அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. ஓடிவந்த அத்தனை பேரும் அந்த இடத்திலேயே மணலில் குப்புற விழுந்தார்கள். துடுப்புக்காரன் துடுப்பைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு படுத்தான்.

கரைவலையில் மீன் நிறைந்து கயிறு இழுபடும்போது அறுந்தால், அது சாட்டைபோல வீசி அடிக்கும். அவளுடைய தகப்பனின் கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இருந்தது. அந்தச் சொல் காதில் விழுந்தால் சல்லியில் யாரும் எங்கே, ஏன் என்று கேட்பதில்லை. விழுவார்கள். நடக்கப் பழகிய நாளில் இருந்து அது உடம்பில் இருக்கிறது.

காத்தாடி மெல்ல மெல்ல நின்றது. மணலில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி, எந்தக் கயிறு என்று பார்த்தார்கள். முதலில் எழும்பியது கருவாட்டுக்காரி பூரணம், புவனத்துக்குச் சித்தி மகள். சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு ஜைரோவைப் பார்த்தாள், கருவாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இவ்வளவு பெரிய கரையில இறங்க வேற இடம் கிடைக்கேல்லையோ அத்தான்?”

பிறகு பின்னிருக்கையைப் பார்த்தாள். “அக்கா, இதென்ன களிசான்?”

அப்போதுதான் புவனத்துக்கு வெட்கம் வந்தது. கடலுக்கு மேலே வராத நடுக்கம் அதற்கு வந்தது. யாரோ இடுப்பில் சுற்றிக்கட்ட ஒரு சாரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவள் இறங்கவில்லை.

பங்கு

விசிறியைப் பார்க்கப் போனேன். ஒரு தகட்டின் நுனி ஒரு சாண் அளவுக்கு இல்லை. நடுக்குடத்தைச் சுற்றி வாழைநார் இறுகிக் கிடந்தது. அதில் நசிந்த மல்லிகை கொஞ்சம். எஞ்சின் மூடியில் ஒரு துளை. அதற்குள் விரலை விட்டு எடுத்தேன். ஈயம். வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற ஈயக்குண்டு.

அதை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினேன். ஏச வாயெடுத்தேன். அவள் அதைப் பறிகொடுத்த பொருள் திரும்பக் கிடைத்ததுபோல எடுத்துக்கொண்டாள்.

“இது அண்ணன்ர வலையில இருந்தது” என்றாள். “உதிரிப் பூ மிதக்கும். மிதந்தாத் திரும்பி வரும். இது தாழும் எண்டு நினைச்சன்.”

என் காற்றுச் சட்டைக்குள் மாலையைச் சுற்றி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தன் கையால் கட்டிய மாலை. இடையிடையே ஈயம். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு, ஒன்று தாழவேண்டும் என்றால் அதுதான் வழி. விசிறி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீருக்குள் போவதைப்பற்றி மட்டும் யோசித்திருக்கிறாள்.

ஏச முடியவில்லை. வாழைநாரில் சிக்கிக் கிடந்த பூக்களைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கைப்பிடி வந்தது. அதை எடுத்துக்கொண்டு சாரத்தை மடித்துப் பிடித்தபடி அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். வழமையான இடம், இடுப்பளவு. நானும் சப்பாத்தோடே இறங்கி நின்றேன். கரையில் நிற்கப் பிடிக்கவில்லை.

போட்டாள். அலை வந்தது, போனது, வந்தது. எங்கள் காலடியில் கொஞ்சம் பூ திரும்பி வந்து சுற்றியது. மீதியைக் காணவில்லை. கச்சான் காற்று அதை வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தச் சின்னப் பிள்ளை முகம் வந்தது.

“பார்த்தீங்களோ. பாதியைத் திருப்பித் தந்திட்டார்.”

திரும்பி வந்த பூக்களைப் பொறுக்கி எடுத்தாள். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வருகிற வழி முழுக்கக் கதைத்தாள். வளையலைக் காசிம் தொலைத்துவிட்டானோ என்று, பூரணத்துக்கு வாய் கூடிப்போயிற்று என்று, பூனைக்குப் பாரை மீன் குஞ்சு வாங்கவேண்டும் என்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கரையில் இருந்துதான் போட்டாள். பாதி வருவதற்காகக் காத்து நிற்பாள். அந்த ஈயக்குண்டு அலுமாரிச் சாவிக் கோர்வையில் கடைசிவரை தொங்கியது.

இப்போது

புவனம் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல். அதைப்பற்றி எழுத என்னால் ஏலாது.

எனக்குப் பறக்கவும் அனுமதி இல்லை. கண் வைத்தியர் இரண்டு தரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார். கண் என்ன கண், எனக்குக் காது போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. புது விசிறி போட்ட ஜைரோ காசிமின் கொட்டிலில் படங்குக்குக் கீழே நிற்கிறது. அதை விலைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் காசிம், ஆள் யோசிக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். நான் யோசிக்கவில்லை.

சில காலைகளில் போய்ப் படங்கை விலக்கிவிட்டு முன்னிருக்கையில் ஏறி இருப்பேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பற்றரியைப் போடுவேன். பின்னிருக்கை ஹெல்மெட்டையும் கொழுவித்தான் வைத்திருக்கிறேன். அதில் இருந்து ஒரு இரைச்சல் வரும், சங்கைக் காதில் வைத்ததுபோல. காசிம் வெளியே மாடு கலைக்கிறமாதிரிப் பாவனை செய்துகொண்டு நிற்பான். அந்தப் பக்கம் மாடு வந்து கனகாலம்.

அவளுடைய சாம்பலைச் சல்லிக் கடலில்தான் கரைத்தோம். அதனால் இப்போது நான் அங்கே பூப் போடுகிறேன், வருடத்தில் இரண்டு நாள். தவம் அண்ணனுக்கு ஒருநாள், அவளுக்கு ஒருநாள். பூரணம் கருவாட்டைக் கொஞ்சம் தள்ளிப் பரப்பிவிட்டு, “நடந்தோ வந்தனீங்கள் அத்தான், அப்ப பயமில்லை” என்று பகிடி விடுவாள். இடுப்பளவு தண்ணீரில் இப்போது என்னால் நிற்க முடியாது. முழங்காலளவு.

அண்ணனுக்குப் போடுகிற பூவில் பாதி வரும், பாதி போகும். அது சரியாக நடக்கிறது.

அவளுக்குப் போடுகிறது முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு பூ மிச்சம் இல்லாமல் என் காலில் வந்து ஏறுகிறது. வீட்டிலும் அவள் அப்படித்தான். தன் பங்கு மீனை முழுக்க என் கோப்பையில் போட்டுவிட்டு, தனக்குப் பசிக்கவில்லை என்பாள். நான் அதை எடுத்து அவளுடைய கோப்பையில் வைப்பேன். அவள் திருப்பி வைப்பாள்.

நான் குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மறுபடியும் போடுகிறேன்.